லேசாகச் சமைக்கிறவர்களுக்கு மட்டும் வீடு

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று சொல்லி வைத்தவர்கள் சிங்கப்பூரில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள். நான் தேடினேன். இன்னும் வயிறு எரிகிறது.

தேக்கா சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம், நானும் கணவரும் மகளும். அவருக்குத் தஞ்சோங் பகாரில் அலுவலகம். எனக்குச் சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை. மகளுக்குப் பள்ளிக்கூடமோ தீவின் கிழக்குக் கோடியில், தெம்பனிஸில். எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிள்ளைக்கு இந்தப் பள்ளிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. எங்கே இடம் காலியோ அங்கே. கிடைத்ததே பெரிசு என்று சேர்த்துவிட்டோம்.

அதனால் என்ன ஆயிற்று? ஒன்பது வயதுப் பிள்ளையைத் தினமும் இருட்டில் எழுப்ப வேண்டியதாயிற்று. கண்ணைத் திறக்காமலே பல் தேய்ப்பாள். நான் குனிந்து காலுறை மாட்டும்போது என் முதுகில் கவிழ்ந்து தூங்குவாள். எம்ஆர்டி ரயிலில் தெம்பனிஸ் வரை கூட்டிப்போய், பள்ளி வாசலில் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நான் வேலைக்கு ஓட வேண்டும்.

“பேசாம தெம்பனிஸுக்கே குடி போயிடலாம்” என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் அசைந்து கொடுக்கவில்லை. இங்கே கீழே இறங்கினால் கறிவேப்பிலை, நடந்து போனால் வேலை. ரவிக்கை தைக்கத் தையல்காரர் சந்தையின் மாடியிலேயே இருக்கிறார். அந்தப் பக்கம் எனக்கு யாரைத் தெரியும்?

அப்புறம் ஒரு நாள் வகுப்பாசிரியை போன் பண்ணினார். காலை முதல் பாடத்திலேயே பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுகிறாளாம். “வீட்டுல எல்லாம் ஓகேதானே?” என்று கேட்டார். சுருக்கென்றது. நாங்கள் என்ன ராத்திரியெல்லாம் பிள்ளையை மாவாட்ட விடுகிறோமா? ஆனால் அந்த ஆசிரியையைக் கோபித்து என்ன பண்ண? கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலமே கணவரிடம் சொன்னேன்: “சரி, போவோம். பிள்ளை தூங்கட்டும்.”

போவோம் என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? வீடு தர வேண்டுமே.

ஏஜண்டுக்கு மெசேஜ் போட்டால் பேர் கேட்பதற்கு முன்னால் வருகிற கேள்வி, என்ன இனம் என்பது. இந்தியர் என்றதும் அடுத்த கேள்வி, சமைப்பீர்களா? சமைக்காமல்? பிள்ளை வைத்திருக்கிற குடும்பம் காற்றையா குடிக்கும்? ‘சமைப்போம்’ என்று போட்டால் அதோடு பேச்சு மூச்சு இருக்காது. ஒரு ஏஜண்ட் கொஞ்சம் நல்ல மாதிரி. “லைட் குக்கிங்னா பரவாயில்ல” என்றார். சமையலில் என்னய்யா லைட்டு, ஹெவி? விளக்கம் கேட்டேன். காய்கறி வேகவைக்கலாமாம். சூப் வைக்கலாமாம். மிச்சத்தைச் சுடவைக்கலாமாம். வதக்கக்கூடாது, வறுக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. காய்ச்சல்காரன் பத்தியம்கூட இதைவிடக் காரசாரமாக இருக்கும்!

எங்கள் எதிர்வீட்டில் பிளாச்சான் வறுத்தால் அந்த இறால் வாசம் எங்கள் கட்டில்வரை வந்து உட்காரும். கீழ்வீட்டில் ஊதுபத்திக் கட்டே எரியும். நான் யாரிடமாவது போய், நீ லைட்டா ஹெவியா என்று கேட்டேனா? சேர்ந்து இருக்கிற இடத்தில் நாலு வாசமும் வரத்தான் செய்யும்.

ஒருவழியாக ஒரு வீடு தகைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே, மூன்றாவது மாடி. பள்ளி மணியடிக்கிற சத்தம் கேட்டுப் பிள்ளை கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு நிபந்தனை. நாங்கள் இப்போது இருக்கிற வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று நேரில் வந்து பார்ப்பாராம், முக்கியமாக அடுப்படியை. பெண் பார்க்க வருகிற மாதிரி அடுப்பு பார்க்க வருகிறார்கள்! முடியாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து முழுங்கினேன்.

ஒரு வாரம் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. ரொட்டி, தயிர்சோறு, கடை இட்லி. புகைபோக்கியைக் கழற்றித் தேய்த்தேன். திரைச்சீலையைத் துவைத்தேன். சுவரில் எலுமிச்சைத் தோலால் தேய்த்ததைப் பார்த்து, “சுவருக்கு ஃபேஷியலா?” என்று கணவர் சிரித்தார். சிரிப்பு வருமா எனக்கு?

சனிக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும், குட்டை முடி, கால்சட்டை. “வணக்கம்மா. வெளில என்னா வெயிலு லா” என்று சிங்கப்பூர் இழுவையோடு சொல்லிச் செருப்பைக் கழற்றினார்.

தமிழ்! அந்த ஏஜண்ட் இதைச் சொல்லவே இல்லை. இத்தனை நாள் நெஞ்சில் கட்டி வைத்திருந்த கல் பொலபொலவென்று உதிர்ந்த மாதிரி இருந்தது. “வாங்கக்கா, வாங்க, உட்காருங்க” என்று எனக்கு வாயெல்லாம் பல். அவருடைய அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். எங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார். பிள்ளை பள்ளிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள் என்று கேட்டுவிட்டு, “ஐயோ பாவம்” என்று அவள் கன்னத்தைத் தொட்டார். “தண்ணி மட்டும் போதும்மா, வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

வீட்டுக்கு வந்தவரை வெறும் தண்ணியோடு அனுப்புகிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அதுவும் நம்ம ஆள், வெயிலில் வந்தவர். மறுநாளைக்கென்று உளுந்து ஆட்டி வைத்திருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது வெங்காயம் நறுக்கினேன், எனக்கே தெரியாது. கை பாட்டுக்கு வேலை செய்தது. வாணலியில் எண்ணெய் காய்ந்து, முதல் வடை சர்ரென்று இறங்கின பிறகு திரும்பிப் பார்க்கிறேன், அடுப்படி வாசலில் கணவர் பேயறைந்த மாதிரி நிற்கிறார். அப்போதுதான் உறைத்தது. பொரிக்க மாட்டோம் என்று காட்ட வரவழைத்த மனுஷிக்கு நான் பொரித்துக்கொண்டிருக்கிறேன்!

இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது, போட்டே முடித்தேன். அந்தம்மா சாப்பிட்டாரே, அதைப் பார்க்க வேண்டும். சட்னியை விரலால் வழித்தார். “இப்படி மொறுமொறுன்னு கடையில எங்க கிடைக்குது?” என்றார். கிளம்பும்போது, “பேரப்பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தபாவ் பண்ணிக் குடுங்கம்மா” என்று அவரே கேட்டார். ஒரு டப்பா நிறையப் போட்டுக் கொடுத்தேன். அடுப்படியை எட்டிப் பார்த்து, “நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு தன் நம்பரையும் கொடுத்தார். கதவைச் சாத்தியதும் மகள் குதித்தாள். நானும்தான். நம்மவங்க நம்மவங்கதான் என்று கணவரிடம் பெருமையடித்தேன்.

திங்கட்கிழமை ஏஜண்டிடமிருந்து மெசேஜ். மன்னிக்கணும், ஓனர் வேற ஆள் பார்க்கிறாங்க, உங்க சமையல் ரொம்ப ஹெவி.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று காதால் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். “விடு, வேற பார்க்கலாம்” என்றார் கணவர். விடுவதா? பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தம்மாவையே கூப்பிட்டேன். மகள் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வீடு இல்லேன்னுட்டீங்களாமே?”

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வடை சூப்பர். பிள்ளைங்க அடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டாங்க. ஆனா வீட்டுக்குப் போயும் என் சட்டையில அந்த வாடை போகல லா. சுவத்துல ஏறிட்டா யாரு பெயிண்ட் அடிக்கிறது?”

“உங்க வீட்ல நீங்க தாளிக்கிறதில்லையாக்கா?”

“அது என் வீடும்மா.” கொஞ்சம் நிறுத்தினார். “நாங்க அளவா செய்வோம். ஊர்லேருந்து வர்றவங்க வீடு அப்படியில்ல. லிஃப்ட்ல ஏறினாலே தெரிஞ்சிடும், யாரு வர்றாங்கன்னு.”

கையிலிருந்த கத்தியைப் பலகையில் வைத்தேன்.

அந்தம்மா விடவில்லை. “பிள்ளைக்காகச் சொல்றேன். அடுப்பை எடுத்துடறேன், மைக்ரோவேவ் ஒண்ணு வச்சுத் தரேன். சமைக்கவே மாட்டோம்னு சொன்னா வீடு உங்களுக்குத்தான். கீழேயே காப்பிக்கடை இருக்கு, மூணு வேளைச் சாப்பாடும் கிடைக்கும், வேற என்னா வேணும்? நாளைக்குள்ள சொல்லுங்க.”

அடுப்பில்லாத வீடு! போனை வெடுக்கென்று அணைத்தேன். கணவர் மெதுவாக, “சரின்னு சொல்லிடேன். சின்னதா ஒரு மின்னடுப்பு வாங்கிக்கலாம். சன்னலைச் சாத்திட்டுச் சமைச்சா யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். வந்ததே எனக்குக் கோபம். “என் பிள்ளைக்கு நான் ஆக்குற சோத்தைத் திருட்டுத்தனமா ஆக்கணுமா? சாராயமா காய்ச்சறோம்?” என்று கத்திவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம், அவருக்கும் பிள்ளை கவலைதான்.

கத்தி முடித்த பிறகு யோசனை வந்தது. ஒரு அடுப்புதானே? வாணலியைக் கட்டிக்கொண்டு அழுதால் பிள்ளையின் தூக்கம் திரும்பி வருமா? ரோஷம் பார்க்கிற நேரமா இது? காலையில் எழுந்ததும் சரி என்று போட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் படுத்தேன். மானத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

மறுநாள் வழக்கம்போல இருட்டில் மகளை எழுப்பினேன். அதிசயமாக அவளாகவே எழுந்து உட்கார்ந்தாள். சீருடையை மாட்டிவிட்டேன். கழுத்துப்பட்டியை இழுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் கையை. பிறகு பின்னலை முன்னால் போட்டு அதையும்.

“என்னடி பண்றே?”

“அம்மா, எனக்கு சென்ட் அடிச்சு விடும்மா.”

“பள்ளிக்கூடத்துக்கு எதுக்குடி சென்ட்டு?”

“லிஃப்ட்ல தெரியுமாம்ல.”

அவளை இழுத்து உச்சியில் மூக்கை வைத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெயும் தூக்கமும்தான். “உன்மேல நல்ல வாசம்தான்டி வருது, தங்கம்” என்றேன். “நீ என் அம்மா, அப்படித்தான் சொல்வே” என்றாள்.

ரயிலில் என் தோளில் சாய்ந்து, மெக்பர்சன் நிலையம் வருவதற்குள் தூங்கிப்போனாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தம்மாவுக்கு எழுதினேன்: ‘உங்க வீடு வேண்டாம்க்கா. எங்க வீட்ல அடுப்பு எரியும்.’ பதில் வந்ததா என்றுகூடப் பார்க்காமல் நம்பரை அழித்தேன்.

இன்னும் தெம்பனிஸில்தான் தேடுகிறோம். என்ன இனம், சமைப்பீர்களா என்று கேட்டால், தமிழர், நன்றாகச் சமைப்போம் என்று போடுகிறேன். ஒருவன் கொடுக்காமலா போய்விடுவான்? அதுவரை பிள்ளை மிச்சத் தூக்கத்தை ரயிலில் தூங்கிக்கொள்ளட்டும்.

ஆனால் இப்போதெல்லாம் நான் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டாலே மகள் எழுந்து போகிறாள். கொடியில் தொங்குகிற சீருடையை எடுத்துப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைக்கிறாள். கதவை இறுகச் சாத்திவிட்டு, அடியில் இருக்கிற சந்தில் துண்டைச் சுருட்டி அடைக்கிறாள். பள்ளிக்குப் பக்கத்திலேயே நாளைக்கு வீடு கிடைத்துவிட்டாலும், அந்தத் துண்டை அவள் கையிலிருந்து நான் எப்படி வாங்குவேன்?