ஈயம் தேய்ந்த தவலை

நெல்லிக்காயில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போய்விடுவேன். கோபம் அவர்கள்மேல் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். காற்றுப் பட்டு எண்ணெய் காறிப்போகிறதே, அதைத் தடுக்கும் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் எந்தக் காயில், எந்த இலையில் இருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. நாமகிரிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா இதைக் கேள்விப்பட்டு, தை மாதத்தில் ஒருநாள் ஒரு பை நெல்லி வற்றலோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அவள் தோட்டத்தில் ஒன்பது நெல்லி மரங்கள். அவளே நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. அவற்றை வெட்டிவிட்டு மரவள்ளி போடவேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். லேகியம் செய்யும் ஒருவரோ, வற்றலில் சத்து இருப்பதாகக் கல்லூரியில் எழுதிக் கொடுத்தால் வருடாவருடம் வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார்.

"ஒரு கடுதாசி மட்டும் வாங்கிக் குடு கண்ணு. அதக் காட்டுனா உங்க மாமா மரத்துல கை வெக்கமாட்டாரு."

"இதென்னக்கா பெரிய வேலை? நீ போய்ட்டு வா" என்றேன். படித்த திமிர்.

கல்லூரி ஆய்வகத்தில் அந்த வாரம் அடுப்புக்கான காஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். எனக்கு எங்கே பொறுமை? சூரமங்கலத்தில் நான் தங்கியிருந்த ரயில்வேக்காரர் வீட்டுச் செம்புத் தவலையில் மொத்த வற்றலையும் கொட்டிக் காய்ச்சி, சாற்றை எடுத்துப் போனேன்.

சாற்றில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சத்து இருக்கும்வரை நிறம் மறைந்துகொண்டே போகும். அன்று முதல் சொட்டே மறையாமல் நின்றது. வெயிலில் காயவைத்ததில் போயிருக்கும் என்றார் பேராசிரியர். அப்படியே நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அன்றே அக்காவுக்குத் தபாலில் சேர்த்தேன்.

சாயங்காலம் புளி போட்டுத் தவலையைத் தேய்க்கும்போதுதான் உள்ளே பார்த்தேன். பூசிய ஈயம் தேய்ந்து, அடி முழுக்கச் செம்பு சிவந்து தெரிந்தது. நெல்லியின் சத்தைச் செம்பு தின்றுவிடும். இது முதல் வருடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

மறுநாளே பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டு, அக்காவிடம் இன்னொரு படி வற்றல் கேட்டிருக்கலாம். செம்பிலா காய்ச்சினாய் என்று அவர் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மாசியில் மரங்களை வெட்டிவிட்டார்கள்.

ஆடியில்தான் ஊருக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. மரங்கள் நின்ற இடத்தில் மரவள்ளி முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அக்கா திட்டினால் அந்த வேகத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் திட்டவே இல்லை. கோழி அடித்துச் சோறு போட்டாள். கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை வந்து, ஒரு ஜாடி ஊறுகாயைக் கையில் கொடுத்தாள்.

"கடைசியாப் பறிச்ச காயி. சத்து இல்லீனாலும் வாய்க்கு நல்லாருக்கும், தின்னு சாமி. காயி மேல குத்தமில்ல. நாந்தான் வெயில்ல போட்டுக் கெடுத்துப்போட்டேன்."

பஸ் வந்தது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கெடுத்தது நீ இல்லை அக்கா என்று அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை.