இருபதாவது ஆள்

சலவை இயந்திரம் துவைத்து முடித்த சட்டைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து, காலரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். பத்தில் ஒன்று மறுபடி சோப்புக்குப் போகும். "மெஷின் நின்னுடுச்சுன்னா அழுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தமா?" என்பாள்.

சாப்பாட்டு மேஜைமேல் திறந்திருக்கும் மடிக்கணினியிடமும் அதே சந்தேகம்தான். ஆய்வுக் கட்டுரைகளை, மற்ற அறிஞர்கள் அலசிப் பார்ப்பதற்கு முன்பே இணையத்தில் வெளியிடும் தளம் ஒன்றில் அவளுக்குச் சரிபார்ப்பு வேலை. முதலில் மென்பொருள் மேயும். ஒரே படம் இரண்டு இடத்தில் வருகிறதா, பங்கேற்றவர்களின் சம்மதம் வாங்கியதாக ஒரு வரியாவது உண்டா, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, இடறும் இடத்தில் சிவப்புக் கொடி நடும். கொடி நியாயமானதா என்று சொல்வது இவள் பாடு. பாதிக்குமேல் வீண் கொடிகள்.

"அது நாய் மாதிரி. தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும், திருடனைப் பார்த்தும் குரைக்கும். எழுந்து போய்ப் பார்க்கிறது நம்ம வேலை."

பார்ப்பது பென்சிலால். பழைய தபால் உறைகளின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பொடி எழுத்தைப் படிக்காமல் தலைவலி மாத்திரைகூட விழுங்கமாட்டாள். "என்னையும் ரெண்டு தடவை கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்பது கணவரின் தேய்ந்துபோன நகைச்சுவை.

இந்தச் சனிக்கிழமை கொடி விழுந்தது தங்கையின் கட்டுரையில். தூக்கம் வராத இருபது பேருக்கு மூச்சுப் பயிற்சி. முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் தூக்கத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை முழு எண்ணில் மதிப்பெண் தரவேண்டும். சராசரி 3.47 என்று எழுதியிருந்தது. முழு எண்களின் கூட்டலை இருபதால் வகுத்தால் இரண்டாவது தசம இலக்கம் பூஜ்யமோ ஐந்தோதான் வரும். ஏழு எங்கிருந்து வரும்? உறையைத் திருப்பி, மொத்தம் அறுபத்தாறு என்று வைத்துப் பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தாள். 3.47 கச்சிதமாக வந்தது.

புதன்கிழமை நேர்முகத் தேர்வுக்கு அக்காவின் நீலச் சட்டையை இரவல் வாங்க வந்த தங்கை, எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இருபதாவது ஆள் எங்கடி?"

தங்கை தம்ளரை மேஜையில் வைத்தாள். "அவருக்குப் பயிற்சி ஒத்துக்கலக்கா. முன்னைவிட மோசமாத்தான் தூங்கினார். ஒரே ஒருத்தர்தானே."

"அதை எழுதலையே."

"எழுதினா முடிவே தொளதொளன்னு ஆயிடும். புதன்கிழமைக்குள்ள தளத்துல ஏறலேன்னா அங்க எதைக் காட்டுவேன்? சும்மா குரைச்சுதுன்னு ஒரு கிளிக் பண்ணிடேன்."

"சொந்தக்காரங்க எழுதினதுக்கு நான் முடிவு சொல்லக் கூடாது. வேற ஆளுக்குப் போகும். கொடியோட போகும்."

"அவ்வளவுதானா?"

"கட்டுரையை நீயே திரும்ப வாங்கிக்கலாம். அந்த ஆளைப் பத்தி உள்ளதை எழுதி மறுபடி அனுப்பு."

"அதுக்குள்ள புதன்கிழமை போயிடும்!"

பென்சிலை உறைமேல் வைத்து, இரண்டையும் தங்கை பக்கம் நகர்த்தினாள். நீலச் சட்டையை எடுத்து, காலரை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, காயப்போட வேண்டிய துணிகளோடு வாளியில் போட்டாள்.

"நான் எழுதலேன்னா நீ என்னக்கா பண்ணுவே?"

வாளியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, துணி காயப்போட மாடிக்குப் போனாள்.