கிள்ளான் ரயிலில் பிடித்த இடம்

எட்டு வயதுக்குள்ளேயே எனக்கு ஒரு தொழில் கைவந்திருந்தது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே அப்பா என்னைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விடுவார். நான் மூன்று பேர் இருக்கையில் குறுக்கே படுத்துக்கொள்வேன். யார் வந்து அதட்டினாலும் “ஆளு வருது” என்ற ஒரே பதில்தான். பக்கத்திலிருக்கும் முசரவாக்கத்துக்குக்கூட எங்கள் குடும்பம் நின்றுகொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை.

அந்தத் திறமையோடுதான் மலேசியா போனேன். கிள்ளானில் அத்தை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை அப்பாவே தன் தறியில் நெய்திருந்தார். விமானத்தில் அதை மடியை விட்டு இறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் அம்மா பக்கம் தள்ளிவிட்டார், குழம்பு சிந்திவிடுமாம்.

அத்தை வீட்டில் எல்லோருக்கும் கல்யாண வேலை. நேர் ரயில் இருக்கிறது, ஏறி வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் ஜனங்கள் கோடு போட்ட இடத்தில் வரிசையாக நின்றதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே இளக்காரம்.

“இவங்க இப்படியே நின்னுக்கினு இருக்கட்டும். கதவு தொறந்ததும் நீ பூந்துடுமா,” என்று என் காதில் சொன்னார். அவருடைய இரண்டு கையிலும் பெட்டி. அதனால் புடவைப் பையை என் தோளில் மாட்டினார்.

ரயில் வந்தது. இறங்குகிறவர்களின் கால்களுக்கிடையே புகுந்து, மூன்று இருக்கையைப் பிடித்துப் படுத்தும் விட்டேன். அப்பாவின் பெட்டிச் சக்கரம் யாருடைய பையிலோ சிக்கிக்கொண்டது. அம்மா அதை விடுவிக்கக் குனிந்தாள். அதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. எங்கள் ஊர் மாதிரி ‘ஹோல்டான்’ என்று கத்தி நிறுத்த அங்கே கண்டக்டரும் இல்லை.

பெட்டிகளைப் போட்டுவிட்டு அப்பா ரயிலோடு ஓடிவந்தார். என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு தமிழ் அக்கா, அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுகிறேன் என்று கண்ணாடி வழியாக அவருக்கு ஜாடை காட்டினார்.

“பாப்பா, எழுந்திரு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அப்பாவுக்குக் காத்திருக்கலாம்.”

“எழுந்தா இடம் பூடும். ஆளு வருது.”

கடைசியில் அவர் என்னை மூட்டை மாதிரி தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு நடைமேடையில் உட்கார்ந்தார். அடுத்த ரயில் வர வெகுநேரம் ஆனது. எனக்குப் பயமே இல்லை. கஷ்டப்பட்டுப் பிடித்த இடத்தைக் கெடுத்துவிட்டாரே என்று அவர் மேல் கோபம்தான்.

ரயில் வந்ததும் அம்மா முதலில் இறங்கி, என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அழுதாள். பின்னாலேயே அப்பா வந்தார்.

“நான் இடத்த உடலபா. இந்த அக்காதான் எழுப்பிட்டாங்க,” என்று கோள் சொன்னேன்.

அப்பா அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். என் தலை, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

புடவையைத்தான் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பையைத் திறந்து காட்டி, “பாருபா, ஒண்ணும் ஆவல. பொடவ பத்திரமா இருக்குது,” என்றேன். அவர் பையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் உட்கார்ந்து நெய்த புடவை அப்பாவுக்கு ஏன் திடீரென்று பிடிக்காமல் போயிற்று என்று, கிள்ளான் போய்ச் சேரும்வரை எனக்குக் கவலையாகவே இருந்தது.