சங்குக் கிட்டங்கியின் இனிப்புக் கிணறு

அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். எண்பத்தைந்து வயதிலும் அந்த இனிப்பு என் நாக்கில் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ஏக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும் என்பதால், தெருக்கோடியில் இருந்த சங்குக் "கிட்டங்கி"யின் பின்கட்டில் கரிக்காத கிணறு ஒன்று வாய்த்ததை எல்லாரும் மாதாவின் கிருபை என்றே பேசினார்கள். சரக்கு வைக்கும் அந்தக் கட்டடத்தின் முதலாளி, தெருச் சனம் அதில் தண்ணீர் எடுக்கலாம் என்று "தர்மத்துக்கு" விட்டிருந்தார். மூட்டை மூட்டையாக வரும் சங்கைக் குழியில் போட்டு, சதை அழுகிக் கழன்ற பிறகு கழுவி, வளையல் அறுக்க வங்காளத்துக்கு அனுப்புவார்கள். என் அப்பாவுக்கு அங்கே சங்கு கழுவுகிற வேலை. கழுவிய தண்ணீர் கிணற்றின் உடைந்த சுவரோரமாகத்தான் ஓடும். வேலையாட்கள் வெளிக்கு ஒதுங்குவதும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான். நாற்றம் தெரியாமல் இல்லை. ஆனால் கரிக்கவில்லை என்றால் நல்ல தண்ணீர் என்பதுதான் எங்கள் கணக்கு. உப்பைத் தவிரத் தண்ணீரில் வேறு கேடு இருக்கலாம் என்று, உப்பிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கோடையில் "பேதி" வந்தது. என் தம்பிக்கு நாலு வயது. காலையில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன் மறுநாள் மதியத்துக்குள் முடிந்துபோனான். தாகம் என்று அவன் அழுதபோதெல்லாம் அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினாள். கொன்றதும் அதே தண்ணீர், தாகத்துக்குக் கொடுத்ததும் அதே தண்ணீர்.

"ஆண்டவர் சித்தம்" என்று பெரியவர்கள் தேற்றினார்கள். அம்மா தேறவில்லை. அடுத்தது நான்தான் என்ற பயம் அவளை உட்கார விடவில்லை. யார் படுத்தார்கள், யார் தப்பினார்கள் என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனவள், கால் ஊனமான சவேரியம்மாள் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். அந்த வீட்டில் நாலு சின்னப் பிள்ளைகள். ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. கிட்டங்கிவரை நடக்க முடியாத சவேரியம்மாள், தன் வீட்டுப் பின்புறத்து உப்புக் கிணற்றில் எடுத்து, கரிப்புத் தெரியாமல் இருக்கச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் காய்ச்சித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். "ஏளா, கடலையே மோந்து குடிக்கியோ?" என்று தெருவே அவளைக் கேலி செய்திருக்கிறது.

மறுநாள் காலை அம்மா ஒரு செம்பில் அந்த இனிப்புத் தண்ணீரை மொண்டு, இன்னொரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கிக்குள் போனாள். சங்குக் குழியிலிருந்து அப்பா, "ஏளா, வீட்டுக்குப் போயிரு" என்று பல்லைக் கடித்தார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே முதலாளியின் மேசைக்குப் போய்ச் செம்பை நீட்டினாள்.

"மொதலாளி, உங்க கெணத்துத் தண்ணி. ஒரு மடக்கு குடிங்க."

"இப்பந்தான் காப்பி குடிச்சேன்" என்றார் அவர்.

"காப்பி எறங்கட்டும். நான் நிக்கேன்."

"என்னளா வீம்பு இது? தர்மத்துக்கு விட்ட கெணத்தப் பழிக்க வந்தியோ?"

"பழிக்கல. குடிக்கத்தான் சொல்லுதேன்."

சங்கு கழுவிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கு அது சேராது. எங்க வீட்டுல ஆத்துத் தண்ணிக் கொழா இருக்கு."

"சேராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மொதலாளி. எம் புள்ளைக்குத் தெரியலியே."

செம்பை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு அம்மா வெளியே வந்தாள்.

அன்று மாலையே அப்பாவின் வேலை போனது. ஒரு வாரம் அம்மாவோடு பேசாமல் இருந்துவிட்டு அவர் உப்பளத்துக்குப் போனார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் யாரும் அந்தக் கிணற்றில் வாளி இறக்கவில்லை. எல்லார் அடுப்பிலும் உப்புத் தண்ணீர் கொதித்தது. அது வாயில் வைக்க வழங்காது, வயிறு பொருமும்; நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கோடையில் அப்புறம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் சாகவில்லை, அவ்வளவுதான்.

இன்று கிட்டங்கி இல்லை, சங்கு நாற்றம் இல்லை. கிணற்றை மூடி அதன்மேல் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். சவேரியம்மாளின் உப்புக் கிணறும் தூர்ந்துபோனது. போன மாதம் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் மஞ்சளாக வந்தது. "குடிக்கலாம் பாட்டி, ஒண்ணும் செய்யாது" என்றான் லாரியோடு வந்தவன், கையில் பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு. நான் வீட்டுக்குள் போய் ஒரு செம்பை எடுத்து வந்து, லாரிக் குழாயில் பிடித்து அவனிடம் நீட்டினேன்.

"நீ குடி தம்பி. நான் நிக்கேன்."

அவசரமாகப் போக வேண்டும் என்றான். லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கால் வலித்தது. வலிக்கட்டும்.