வலப் பக்கமிருந்து எழுதிய கணினி

காத்தான்குடியிலிருந்து வந்த பெண் ஒரு பிரின்டரையும் துணியில் சுற்றிய பெட்டி ஒன்றையும் என் கடை மேசையில் வைத்தார். வீட்டுக்கு மாபிள் பதிக்கிறார்களாம், பழைய சாமான்களை ஒதுக்குகிறார்களாம்.

"பிரின்டர ஏலுமெண்டா திருத்தித் தாங்க. மத்தது வாப்பாட ஊமைப் பெட்டி. ஒங்களுக்குப் பழைய கொம்பியூட்டர் எண்டா விருப்பமாமே. வேணாட்டி எறிஞ்சிருங்க."

மட்டக்களப்பு நகரத்தில் நான் கணினி திருத்துகிறேன். கிடைக்கிற நேரத்தில் பழைய கணினிகளைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம். அதனால் துணியை அவிழ்த்ததுமே கை நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் பொருத்திப் பாவிக்கும் பழைய வகைக் கணினி அது. ஆனால் கம்பனிப் பெயர் இருக்க வேண்டிய குழி வெறுமையாக இருந்தது. மூடி அச்சில் வார்த்ததல்ல, பிளாஸ்டிக் தகடுகளைக் கையால் வெட்டி ஒட்டியது. விசைகளின் மேல் அறபு எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள். கடைக்கு விற்பனைக்கு வந்த பொருள் இப்படி இருக்காது. சரிவருமா என்று பார்ப்பதற்காகக் கம்பனி முதலில் செய்து பார்க்கும் முன்மாதிரி இது.

"இத எறியாதீங்க. வாப்பாவ நான் சந்திக்கலாமா?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் கல்லடிப் பாலம் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாப்பா மெலிந்த மனிதர். இளமையில் டுபாயில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை செய்தவர். அவரை நானா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிட்டேன். யாரோ தன் பெட்டியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

"கம்பனிக்காரன் பாக்கிறதுக்கெண்டு கடையில வெச்சிட்டுப் போன சாமான் தங்கச்சி. மறுகா அவன் அத விக்க வரவே இல்ல. கடைய மூடக்கொள்ள, 'எடுத்துட்டுப் போ' எண்டார் மொதலாளி. அறபு எழுதும். வலப் பக்கமிருந்து, எழுத்த எழுத்தோட சேத்து எழுதும். அந்த நாளையில எந்தக் கொம்பியூட்டர் அப்பிடி எழுதின?"

தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி சிரித்தார். "இஞ்ச ஒரு நாளும் எழுதல்லியே நானும் பாக்க. குடும்பத்தையெல்லாம் கூட்டி வெச்சாரு. ரீவி கறுப்பாத்தான் கெடந்த."

"அங்க எழுதின," என்றார் அவர். எத்தனையோ தடவை சொல்லிக் களைத்த குரல் அது.

பழைய கணினி சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் படங்களைப் போட்டேன். அப்படியொரு கணினி வெளிவந்ததே இல்லை, யாரோ விளையாட்டுக்கு ஒட்டிச் செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் ஒத்துப் பாடினார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

மூடியைக் கழற்றினேன். கடல் காற்றிலும் வாவிக் காற்றிலும் கிடந்து சிப்புகளின் பாதிக் கால்கள் பச்சை பூத்திருந்தன. நிரலைச் சுமந்த சிப்புகளின் முதுகில் சின்னக் கண்ணாடி, அதன்மேல் காகிதம். அந்தக் காகிதம் பிரிந்து வெயில் பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துபோகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளதை என் கணினியில் பிரதி எடுத்தேன். ஒன்றின் கால் கையோடு முறிந்தது. மெல்லிய கம்பியால் புதுக் கால் பற்றவைத்த பிறகே அது வாசிக்க விட்டது.

பழுதான பாகங்களை மாற்றி, மின்சாரம் கொடுத்தேன். கடையிலிருந்த பழைய பெட்டித் தொலைக்காட்சி கறுப்பாகவே நின்றது. ராத்தா சொன்ன அதே கறுப்பு.

போர்டின் அடிப் பக்கத்தில் முன்மாதிரிகளுக்கே உரிய விதமாய்க் கையால் பற்றவைத்த பச்சை வயர்கள் ஓடின. அவற்றைத் தடவிக்கொண்டு போனபோது ஒரு வயரின் நுனி எதையும் தொடாமல் நிற்பது தெரிந்தது. விமானத்திலோ, பஸ்ஸிலோ, ஊர் வந்து சேரும் வழியில் அது கழன்றிருக்க வேண்டும். அது எங்கே சேர வேண்டும் என்று காட்ட வரைபடம் எதுவும் இல்லை. நான் முதலில் பிடித்த இடம் பிழை. மறுபடியும் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் ஈயம் கொஞ்சம் பொங்கி, நடுவில் வயர் பிடுங்கிய பள்ளம் இருந்தது.

பற்றவைத்தேன். மின் ஆளியைப் போட்டேன். திரை நீலமானது. வலது மூலையில் ஒரு கோடு எழும்பி, வளைந்து, இடப் பக்கமாக ஓடியது. நான் தனியாக நின்று கை தட்டினேன். பக்கத்துத் தையல் கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தொலைபேசியில் விசயத்தைச் சொல்லாமல், "நானா, ராத்தாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

இருவரும் வந்தார்கள். அவர் கதவருகிலேயே திரையைக் கண்டுவிட்டார்.

"மர்ஹபா," என்று வாசித்தார். "வாங்க எண்டு கூப்புடுது."

கதிரையில் உட்கார்ந்து, விசைகளை ஒரு விரலால் தேடித் தேடி அழுத்தினார். ஒவ்வொரு எழுத்தும் வந்ததும் முந்தியது தன் உருவத்தை மாற்றிக்கொண்டு அதன் கையைப் பிடித்தது. எனக்கு அறபு தெரியாது. ராத்தாவுக்குத் தெரியும். அவர் வாய்க்குள் எழுத்துக் கூட்டினார், பிறகு முக்காட்டு நுனியை வாயில் பொத்திக்கொண்டார். திரையில் இருந்தது அவருடைய பெயர்.

அடுத்த நிமிசம் கைபேசியை எடுத்து மகளை அழைத்தார்.

"ஒங்கட வாப்பா சென்னது மெய்தான்கா! எழுதுது! என்ட பேர எழுதிரிக்காரு, வந்து பாரு!"

நானா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்து மகளின் பெயரை அடிக்கத் தொடங்கினார்.

அந்த வீடியோவைக் குழுவில் போட்டேன். போலி என்று எழுதியவரே முதலில் மன்னிப்புக் கேட்டார், சிப்புகளில் இருந்தது பத்திரமா என்று பதறினார். பிரதியை எல்லாருக்கும் திறந்து விட்டேன். அந்தக் கிழமையே எந்தெந்த நாடுகளிலோ இருப்பவர்கள் அதைத் தங்கள் கணினிகளில் ஓட்டி, "மர்ஹபா" தெரியும் திரைகளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றும் ஒருவர் கேட்டார். நானாவிடம் சொன்னேன்.

"விக்கிறதா? இப்பதானே பேச வந்திரிக்கி," என்றார்.

பெருநாளன்று போனபோது முன் அறையில் இடமில்லை. சொந்தக்காரரும் அயலவரும் தொலைக்காட்சி முன்னால் நெருக்கிக்கொண்டு தங்கள் பெயரை எழுதிப் பார்த்தார்கள். நானா எழும்பி எனக்குக் கதிரையை விட்டார்.

"இந்தப் புள்ளதான் எழுப்பினது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "வழி விடுங்க, அவட பேர எழுதட்டும்."