ஷாங்காய் நாற்சந்தி

டில்லி மயூர் விஹார் சிக்னலில் போலீஸ்காரர் விசில் ஊத, என் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது.

சிறுவயதில் எங்கள் புசா ரோட்டுக் கீழ்வீட்டில் இருந்த சர்தார்ஜி, வெள்ளைக்காரன் காலத்து ஷாங்காயில் போக்குவரத்துப் போலீஸாக இருந்தவர். மாலையானால் விசிலோடு முற்றத்துக்கு வந்துவிடுவார்; எங்கள் விளையாட்டில் அதுதான் ஷாங்காய் நாற்சந்தி. பெரிய பிள்ளைகளெல்லாம் டிராம், இல்லையென்றால் நடன விடுதிக்குப் போகும் கார். எல்லோரிலும் சின்னவளான நான் எப்போதும் ரிக்‌ஷா. அவர் கை நீட்டினால் டிராமும் காரும் நிற்கும். ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்த அப்பாவும் சிரித்தபடி நிற்பார். “பெஹ்லே ரிக்‌ஷா!” என்பார் சர்தார்ஜி. முதலில் ரிக்‌ஷா! வாயாலேயே மணியடித்தபடி நான் கடப்பேன்.

“ஷாங்காயிலும் இப்படித்தானா?” என்று ஒருநாள் இந்தியில் கேட்டேன்.

“இல்லை மகளே. அங்கே ரிக்‌ஷாக்காரனைத் தடியால் அடித்துக் காருக்கு வழிவிட்டேன்” என்றவர், மறுபடி விசிலை எடுத்தார்.

“அம்மா, கிரீன்தானே, சலோ!” என்றாள் பக்கத்து ஸீட்டிலிருந்த மகள். பின்னால் ஒரே ஹார்ன். எதிரே பேட்டரி ரிக்‌ஷா ஒன்று ஆடி அசைந்து கடந்துகொண்டிருந்தது.

“பெஹ்லே ரிக்‌ஷா” என்றேன்.