உள்ளே கேட்டுச் சொல்லும் அண்ணி

அப்பா நீட்டிய போன் என் முகத்துக்கு நேராக வந்து, என்னைத் தாண்டி, அண்ணியின் கைக்குப் போனது. அண்ணன் கல்யாணம் முடிந்த முதல் வாரம். கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் வீட்டில், மூவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கல்யாண மண்டபத்தின் இணையதளத்தில் மணமேடைப் படம் தலைகீழாகத் தெரிகிறதாம். "இது என்னான்னு பாரும்மா" என்றார் அப்பா, நேற்று வந்த மருமகளிடம். அந்த இணையதளத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவள் நான். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி இடது கையால் போனை வாங்கிப் பார்த்தாள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேரில் அண்ணியை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் 'அவ'தான். இதை மனசுப்படியே எழுதுகிறேன். அவளிடம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே அவள்மேல் எனக்கிருந்த முதல் குறை. சிதம்பரத்துப் பெண். நான் படித்த அதே கம்ப்யூட்டர் படிப்பு. அவள் அப்பாவுக்கும் சிதம்பரத்தில் ஒரு மண்டபம், அதற்கும் ஓர் இணையதளம், எழுதியவளும் அவளே. அவள் வரும்வரை எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான். சித்தப்பா வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் சரி, அத்தை மகனுக்குக் கவுன்சிலிங் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் சரி, எனக்குத்தான் போன் வரும். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் போன்களெல்லாம் நின்றுபோயின. நல்லதாப் போச்சு, வேலை மிச்சம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

அந்த ஆடிக்கு அண்ணி தாய்வீடு போயிருந்தாள். அப்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. வேறு ஆள் இல்லாததால் என்னிடம் சொன்னார். நம் மண்டபம் கிடைக்காத தேதியில் சம்பந்தி மண்டபத்தைக் காட்டலாமே என்றார். உற்சாகமாக உட்கார்ந்து எழுதினேன். தேதி இல்லையென்றால் எங்கள் தளம், பார்க்க வந்தவரின் போனிடம் 'நீ அந்த முகவரிக்குப் போ' என்று சொல்லி அனுப்பிவிடும். இதற்கு ரீடைரக்ட் என்று பெயர். அப்பா தட்டிப் பார்த்தார். எங்கள் மண்டபத்தின் பெயர் போய், மேலே முகவரியும் மாறி, சம்பந்தி மண்டபம் பளபளவென்று வந்து நின்றது. "அடப்பாவமே, பந்தியில ஒக்காந்தவன எழுப்பி, எதிர் மண்டபத்துல போய்த் தின்னுக்கன்னு அனுப்புறியே! இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று பிடித்துக்கொண்டார்.

ஆடி முடிந்து அண்ணி வந்தாள். ஒரே மதியத்தில் அதை மாற்றிவிட்டாள். இப்போது எங்கள் தளமே, வந்தவருக்குத் தெரியாமல், சிதம்பரத்துத் தளத்திடம் உள்ளுக்குள் ஒரு கேள்வி கேட்கும். கிடைத்த பதிலைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்திலேயே அடுக்கிக் காட்டும். வந்தவர் இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை. மேலே எங்கள் பெயர் அப்படியே நிற்கும். எங்கள் தொழிலில் இதை சப்ரெக்வெஸ்ட் என்போம். உள்கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன, செய்தவள் அவள். மேளக்காரர், சமையல்காரர், பூக்காரர் என்று மண்டபத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் அப்பா போனைக் காட்டி, "எம்மருமக மூளைய பாத்தியா?" என்று கேட்டார். மகளின் மூளையை யாருக்கும் காட்டவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, அவள் பிறந்த சிதம்பரத்துக்கே நான் வாழ வந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கடலூர் வீடு முழுக்க அவளுடையதாகிவிட்டது போலிருந்தது. வாட்ஸாப்பில் அவ்வப்போது வருவாள். "ஒரு சின்ன டவுட்டுடா." பக்கங்களை அழகாக அமைப்பதில் அவள் கெட்டிக்காரி, பின்னாலிருந்து தளத்தை ஓட்டும் சர்வர் வேலையில் நான் ஒரு படி மேல். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறதே என்ற பெருமையில் உடனுக்குடன் பதில் போடுவேன். அடுப்பில் பால் பொங்கினாலும் பதில் போய்விடும்.

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பா என்னை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். "சைட்டுக்கு சர்ட்டிபிகேட்டுன்னு ஒண்ணு இருக்குதாம். காலாவதி ஆயிட்டா போன்ல செவப்பா எச்சரிக்கை வருமாம். வூட்டு வரி மாதிரி, மறக்காம அப்பப்ப கட்டிப் புதுப்பிச்சிடணுமாம். அண்ணி சொன்னா. நீயும் தெரிஞ்சுக்க." வீட்டு வரி மாதிரி! அது என் வாக்கியம். போன மாதம் நான் அவளுக்கு அனுப்பிய வாக்கியம். அப்பா அவளைக் கேட்கிறார், அவள் உள்ளே என்னைக் கேட்கிறாள், பதில் அவள் முகத்தோடு அப்பாவுக்குப் போகிறது. அவள் மறைத்தாள் என்றாவது சொல்லலாமென்றால் அதற்கும் வழியில்லை. "அது அவ சொன்னதுதான் மாமா" என்று என் எதிரிலேயே சொன்னாள். "சரி சரி, சாம்பார் ஊத்தும்மா" என்றார் அப்பா. பொறாமைப்பட்டே செத்துவிடலாம் போலிருந்தது.

எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. அண்ணியின் அப்பா ஒருநாள் வீடு தேடி வந்தார். "எம்பொண்ணு இப்ப உங்க வூட்டுப் பொண்ணு. நீதாம்மா பக்கத்துல இருக்க. எங்க மண்டபம் கெடைக்கலன்னா உங்க மண்டபத்தக் காட்டுற மாதிரி நம்ம சைட்டையும் பண்ணிக் குடு" என்றார். அவர் அவளை விட்டு என்னிடம் வந்ததே எனக்குப் பாயசம் குடித்தது மாதிரி இருந்தது. அவள் தளத்துக்குள் என் உள்கேள்வியை எழுதி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

போன ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்தம். இரண்டு மண்டபமும் ஒரே தேதியில் நிரம்பிவிட்டன. அந்தத் தேதியை யாரோ கடலூர் தளத்தில் தட்டினார்கள். கடலூர் சிதம்பரத்தைக் கேட்டது. தன்னிடமும் இடமில்லாததால் சிதம்பரம் கடலூரைக் கேட்டது. கடலூர் மறுபடி சிதம்பரத்தை. இப்படி ஒன்றையொன்று கேட்டுக் கேட்டே இரண்டும் மூச்சுமுட்டி நின்றுவிட்டன. உள்ளேயிருந்து வரும் கேள்வியில் ஓர் அடையாளம் வைத்து, அதைக் கண்டால் மேற்கொண்டு கேட்காதே என்று எழுதியிருந்தால் போதும். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. எதிர்ப்பக்கமும் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்த நான் யோசிக்கவில்லை.

"ரெண்டு சைட்டும் படுத்துடுச்சுடா. மாமா மண்டபத்துலேர்ந்து போன் மேல போன் போடுறாரு. என்னான்னு பாரேன்" என்று அண்ணி அனுப்பினாள். பார்த்தேன். காபி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. கடலூரிலிருந்து வரும் கேள்வி என்றால் மேற்கொண்டு கேட்காதே என்று சிதம்பரத்துப் பக்கம் எழுதிச் சரிசெய்தேன். பிறகு அவளுக்குப் பதிலைத் தட்டி, அனுப்பாமல் அழித்தேன். இந்த ஒரு தடவையாவது அப்பா என்னைக் கேட்கட்டும். "அப்பாவ என்கிட்டயே கேக்கச் சொல்லுங்க அண்ணி" என்று போட்டேன். "அதுதான்டா சரி" என்று உடனே பதில் வந்தது. அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவின் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"யம்மா, உனக்கும் அண்ணிக்கும் எதுனா சண்டையா?"

"இல்லியேப்பா. ஏன்?"

"சைட்டு என்னாச்சுன்னு கேட்டா உன்ன கேளுங்கன்றா. என்னமோ மனசு சரியில்ல போல. நீ ஒரு போன போட்டு, அவகிட்ட என்னான்னு கேட்டு எனக்குச் சொல்லு. மண்டபம் பாக்க வந்த பொண்ணு வூட்டுக்காரங்க எதுக்கால ஒக்காந்திருக்காங்க."

"அப்பா, அது எனக்கே தெரியும்ப்பா. ரெண்டு சைட்டும் ஒண்ண ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன். தொறந்து பாருங்க."

தட்டுகிற சத்தம் கேட்டது. "ஆமா, வந்துடுச்சு" என்றார். அடுத்த வார்த்தைக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எதுக்கும் அண்ணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க. நான் லைன்லயே இருக்கேன்."

கேட்டேன். அவள் பார்த்துவிட்டு, "கரெக்டுடா" என்று அனுப்பினாள். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் போனை வைக்காமலே எதிரில் இருந்தவர்களிடம் திரும்பி, "சரியாயிடுச்சுங்க, எம்மருமக பாத்துட்டா" என்றார்.